வியர்வை காய்வதற்குள்

அக்காவுக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம், ஸ்டேடியம் கேட்டைத் திறக்கிற வாட்ச்மேன் காலையில் ஒரு கொட்டாவி விட்டாலே போதும் என்று ட்ராக்கில் ஓடுகிற பிள்ளைகள் சொல்வார்கள். அது அபாண்டம். காரணம் இல்லாமல் அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. மற்றவர்களுக்குத் தேடினாலும் கிடைக்காத காரணம் அவளுக்குச் சட்டென்று கிடைத்துவிடும், அவ்வளவுதான்.

அவள் ஓட்டப் பயிற்சியாளர். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். வீட்டில் அடுப்படியில் நிற்கும்போதும் தொங்கும். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கிற பெயரே விசில்தான். முகத்துக்கு நேராகச் சொல்கிற தைரியம் ஒரே ஒருவனுக்கு இருந்தது. அவன் அன்றைக்கு மைதானத்தைச் சுற்றத் தொடங்கியவன், இருட்டும்வரை சுற்றிக்கொண்டிருந்தான்.

அவளிடம் பயிற்சி எடுக்கிறவர்களில் ஒருத்தி அவளுடைய கூடப்பிறந்த தங்கை. வீட்டிலும் சின்னவள், ட்ராக்கிலும் சின்னவள். கல்லூரியில் கடைசி வருஷம். எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். ஊரில் அவளை முந்த ஆள் இல்லை. இந்த வருஷம் மாநில அணியின் பயிற்சி முகாமுக்குப் போயே தீர வேண்டியவள். முகாமில் சொந்தக் கோச்சும் கூடவே தங்கலாம் என்பதால் அக்கா அதற்குள் லீவுக்குச் சொல்லி, பெட்டியைக்கூடப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த ஹார்மோன் வந்து குறுக்கே விழுந்தது.

கொஞ்ச காலமாகவே சின்னவளுடைய ஓட்டம் சரியில்லை. முதல் சுற்றில் பறப்பாள். கடைசி இருநூறு மீட்டரில் காலை யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இழுத்துக்கொண்டு வருவாள். தூக்கம் இல்லை. எழுந்ததுமே களைப்பு. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள், வாய்க்குப் போகாது. அணி டாக்டர் அவளை லேபுக்குக் கூப்பிட்டார். டிரெட்மில்லில் நாக்குத் தள்ள ஓட வைத்து, அப்புறம் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார வைத்து, ஒரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பச் சொன்னார்கள். அதில் கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்களாம்.

"பயந்தாலும் பதறினாலும் இது ஏறும். கஷ்டப்பட்டு ஓடினாலும் ஏறும். ஏறட்டும், அதுல தப்பில்ல" என்றார் டாக்டர். "ஓடி முடிச்சு உட்கார்ந்தா கொஞ்சம் கொஞ்சமா இறங்கணும். இவங்களுக்கு இறங்கவே மாட்டேங்குது. ஓட்டம் முடிஞ்சிடுச்சுன்னு உடம்பு ஒத்துக்கவே மாட்டேங்குது. இப்படியே இருந்தா முகாமுக்கு அனுப்பச் சொல்லி என்னால கையெழுத்துப் போட முடியாது மேடம். இந்த சீசன் முழுக்க ஓய்வுதான்."

ஒரு சீசன் ஓய்வு என்றால் என்ன என்று அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளும் ஒரு காலத்தில் ஓடியவள். அவளும் ஒரு சீசன் ஓய்வெடுத்தவள்தான். அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளை வெறும் ராட்சசி என்று நினைத்துவிடுவீர்கள். அவளுக்கு வாய்த்த கோச் தங்கமான மனுஷர். ஓடி முடித்து வந்தால், "அருமைம்மா, அருமை" என்று தோளில் தட்டிக்கொடுப்பார். வருஷக்கணக்காக அதே அருமை. அவள் இடது பாதத்தைக் கோணலாக ஊன்றுகிறாள் என்பது அந்த மனுஷர் கண்ணிலும் பட்டிருக்கிறது. பிள்ளை மனசு நோகும் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். குதிகால் நரம்பு பிய்ந்து, முகாமுக்குப் போக வேண்டியவள் கட்டிலில் கிடந்தபோதுதான் வாயைத் திறந்து சொன்னார். அன்றைக்கு அக்கா ஒரு முடிவெடுத்தாள். தப்பைப் பார்த்தால் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும். வியர்வை காய்வதற்குள் சொல்லிவிட வேண்டும். ஈரத்தில் சொன்னால்தான் ஒட்டும், காய்ந்த பிறகு சொன்னால் உதிர்ந்துவிடும் என்பாள். அவளிடம் ஓடுகிற ஒவ்வொரு பிள்ளையும் கோட்டைத் தாண்டியதும் நேராக பெஞ்சுக்கு வர வேண்டும். அக்கா செல்போனில் எடுத்த வீடியோவோடு பக்கத்தில் உட்காருவாள். மற்ற பிள்ளைகளுக்கு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். தங்கைக்கு அப்படி முடியுமா? தங்கைக்கு எல்லாமே கூடுதல்.

சரி, ஹார்மோனுக்கு வருவோம். ஸ்டேடியத்துக்கு எதிரில் சத்து மாவு, சத்து மாத்திரை விற்கிற கடை ஒன்று உண்டு. உள்ளே நுழைந்தால் வெனிலா வாசனை மூக்கை அடைக்கும். கடைக்காரனைப் பையன்கள் புரோட்டீன் என்றே கூப்பிடுவார்கள். கை ஒவ்வொன்றும் தலையணை அளவு இருக்கும். குரல் மட்டும் பூனைக்குட்டிக்கு உள்ளது. அவன்தான் ஒரு டப்பாவை எடுத்து அக்கா முன்னால் வைத்தான். சோயாவிலிருந்து எடுத்த ஏதோ ஒரு சத்து. கடுமையான பயிற்சிக்குப் பிறகு கார்ட்டிசாலைக் குறைக்கலாம் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது.

அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடுமையா பயிற்சி பண்றவங்களுக்கு இதால ஹார்மோன் கொஞ்சம் குறைஞ்சதா சில ஆராய்ச்சி சொல்லுது" என்றார். "ஆனா எல்லாமே சின்னச் சின்ன ஆராய்ச்சி. எல்லாருக்கும் குறையல. தடை பண்ணின சரக்கு எதுவும் இதுல இல்ல, சாப்பிட்டுப் பாக்கட்டும். இதையே நம்பிக்கிட்டு மட்டும் இருக்காதீங்க. ஏன் இறங்கலன்னு யோசிங்க."

அக்காவின் காதில் முதல் வாக்கியம் மட்டும் விழுந்தது. மறுநாளிலிருந்து காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. மாத்திரையையும் தண்ணீரையும் சாப்பாட்டு மேசையில் எடுத்து வைத்துவிட்டு, "முழுங்கிட்டியா? முழுங்கிட்டியாடி?" என்று குளியலறையிலிருந்தே கத்துவாள். "ஆச்சுக்கா" என்று பதில் வரும்.

இரண்டாவது சோதனைக்கு அக்காவே கூட்டிக்கொண்டு போனாள். லேப் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு டிரெட்மில், ஒரு நீல நாற்காலி, குழாய்கள் அடுக்கிய மேசை, சத்தம் போடுகிற ஒரு ஏசி. அந்த அறையை ஒரு நடுவயதுப் பெண்மணி ஆண்டுகொண்டிருந்தார். எல்லோரும் அவரை லேப்பம்மா என்பார்கள். சின்னவள் ஓடி முடித்தாள். மேலெல்லாம் வியர்வை கொட்ட, கால் நடுங்க, நீல நாற்காலியில் வந்து விழுந்தாள். லேப்பம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். இனி அரை மணி நேரம் ஒன்றும் செய்வதற்கில்லை, உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அரை மணி நேரம் சும்மா இருப்பதாவது! அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ட்ராக்கில் எடுத்த வீடியோவைச் செல்போனில் போட்டாள்.

"இங்க பாரு. இங்க. தோள் ஏன் காதுகிட்ட போகுது? யாரு கூப்பிட்டா அத?"

"சரிக்கா."

"சரிக்கா சரிக்கான்னா என்னடி அர்த்தம்? புரிஞ்சுதா, புரியலையா?"

"புரிஞ்சுதுக்கா."

"என்ன புரிஞ்சுது? சொல்லு பாப்போம்."

சின்னவள் உதட்டை நக்கிக்கொண்டாள். லேப்பம்மா மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "மேடம், அவங்க கொஞ்சம் சும்மா உட்காரட்டுமே."

"சும்மாதானே உட்கார்ந்திருக்கா? நான்தானே பேசறேன்?"

லேப்பம்மா இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். அக்கா பெரிய மனசு பண்ணிக் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரலில் அவள் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? சத்தமே தேவலை என்று தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் கிள்ளிக் கிள்ளி எடுத்துக் காதில் போடுவாள். மூன்றாவது வளைவில் உடம்பு சாய்ந்தது, மூச்சைத் தப்பான இடத்தில் விட்டது, போன வாரம் சொன்னதை இந்த வாரம் மறந்தது, நேற்றுச் சாப்பிடாமல் எழுந்தது, சிநேகிதியோடு சினிமாவுக்குப் போனது. அரை மணி நேரமும் போனது. குழாயைக் கொடுத்தபோது சின்னவளுக்கு எச்சிலே ஊறவில்லை. எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார் லேப்பம்மா. நினைத்தும் வரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் குழாய் ஏதோ கொஞ்சம் நிரம்பியது.

முடிவு வந்தது. ஹார்மோன் இறங்கவில்லை. முதல் தடவையை விடக் கொஞ்சம் ஏறியே இருந்தது.

"முகாம் பேரெல்லாம் முடிவாகறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கலாம்" என்றார் டாக்டர். "அதான் கடைசி."

அக்கா நேராக புரோட்டீன் கடைக்குப் போனாள். போனாள் என்றா சொன்னேன்? பாய்ந்தாள். கடையில் சத்து மாவு கலக்குகிற ஷேக்கர் வாங்க நின்ற இரண்டு இளவட்டங்கள் அவள் முகத்தைப் பார்த்ததுமே பின்வாங்கினார்கள். எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா வித்த எனக்கு? சுண்ணாம்பைப் பிடிச்சு உருட்டி வித்தியா?"

"என்னாச்சுக்கா?"

"என்னாச்சா? பாதி டப்பா காலி ஆச்சு! ஹார்மோன் கொடிக்கம்பம் மாதிரி அப்படியே நிக்குது! உன்ன நம்பி ஒரு பொண்ணோட வருஷமே போகப் போகுது, நீ இங்க நின்னு கையை முறுக்கிக் காட்டிக்கிட்டிருக்க!"

அவன் பாவம், முறுக்கவில்லை. அவனுடைய கையே அப்படித்தான்.

"அக்கா, குறைக்கும்னு நான் எங்க சொன்னேன்? குறைக்கலாம்னுதானே போட்டிருக்கு?"

"குறைக்கலாமா? அப்ப நானும் காசு தரலாம்னு சொல்லிட்டுப் போயிருக்கணும்!"

இளவட்டங்களில் ஒருவன் சிரித்துத் தொலைத்தான். அவ்வளவுதான், அவனுக்கும் விழுந்தது. அவன் கையிலிருந்த ஷேக்கருக்கும் விழுந்தது. பொய், பித்தலாட்டம், ஊரை ஏமாற்றுகிற கூட்டம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டிவிட்டு அக்கா வெளியே வந்தாள். கொட்டியும் குறையவில்லை. கடை பொய் இல்லையென்றால் மெஷின் பொய்யாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. அங்கிருந்து லேபுக்குப் போனாள்.

"உங்க மெஷினை யாராவது சரி பாத்தீங்களா, இல்ல அதுவும் உங்கள மாதிரி தூங்கிக்கிட்டுதான் இருக்கா?" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தாள்.

லேப்பம்மா கையுறையைக் கழற்றாமல் பதில் சொன்னார். "மெஷின் நல்லாதான் இருக்கு மேடம். அன்னைக்கே சொன்னேன், அந்தப் பொண்ணை நீங்க கொஞ்ச நேரம் சும்மா விட்டிருந்தா..."

"என் தங்கச்சிய எப்ப விடணும், எப்ப பிடிக்கணும்னு நீங்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம்!"

சொல்லிக்கொண்டே மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். மேசை ஓரத்தில் இருந்த குழாய் ஸ்டாண்டு ஒருதரம் ஆடியது. அப்புறம் சரிந்தது. பளு தூக்குகிற பையன்களைக் காலையிலிருந்து வேலை வாங்கி, ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சேகரித்த எச்சில் முழுக்கத் தரையில் போனது.

மன்னிச்சிடுங்க என்று சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தாள், சத்தியமாக. வெளியே வந்தது வேறு.

"ஓரத்துல வைக்கச் சொல்லி யாரு சொன்னது?"

லேப்பம்மா தரையைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். அந்த அம்மாள் அப்படிக் கத்துவார் என்று அந்தக் கட்டடத்தில் யாரும் நினைத்ததில்லை. "வெளிய போங்க! இனிமே நீங்க இந்த வாசப்படி ஏறக் கூடாது. உங்க தங்கச்சி வரட்டும், வேற யாரு வேணும்னாலும் கூட்டிட்டு வரட்டும். நீங்க வந்தா நான் டெஸ்ட்டே எடுக்க மாட்டேன். டாக்டர் வந்து சொன்னாலும் எடுக்க மாட்டேன்!"

டாக்டரும் வந்தார். லேப்பம்மா பக்கம் நின்றார். அதோடு அக்காவுக்கு அந்த அறையில் இடமில்லாமல் போனது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று, டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரையை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

ஆகவே கடைசிச் சோதனைக்கு அக்காவின் கணவர் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அவர் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கி வேலை பார்க்கிற மனுஷர். வீட்டுக்கு வந்தால் அதிகம் பேச மாட்டார், பேச இடமும் இருக்காது. அன்றைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். கிளம்பும்போது அக்கா வாசல்வரை பின்னாலேயே வந்து பாடம் எடுத்தாள்.

"ஓடி முடிச்சதும் நான் அனுப்பின வீடியோவைக் காட்டுங்க. தோளைப் பாக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்மா."

"தண்ணி மடமடன்னு குடிக்கக் கூடாது."

"சரிம்மா."

"எல்லாத்துக்கும் சரிம்மா! ரெண்டு பேரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கீங்க!"

வண்டி தெருமுனை திரும்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு ட்ராக்கில் இருந்த பிள்ளைகள் பாடு படுமோசம். ஸ்டாப்வாட்சை அமுக்க மறந்துவிட்டு, ஓடியவர்களைப் பார்த்து "எவ்வளவு நேரம்னு நீ சொல்ல மாட்டியா?" என்று எகிறினாள். போன் எப்போது அடிக்கும் என்று உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சின்னவள் போகாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். இன்னொரு கட்டில், இன்னொரு ஓய்வு, இன்னொரு அருமை. அதை அவளால் இன்னொரு தடவை பார்க்க முடியாது.

மறுநாள் சாயந்திரம் டாக்டரே கூப்பிட்டார்.

"இறங்கிடுச்சு மேடம். நல்லாவே இறங்கியிருக்கு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். முகாமுக்கு அனுப்பலாம்."

அக்கா ட்ராக் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா என்று பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். "மாத்திரைதானே டாக்டர்? மாத்திரைதானே வேலை செஞ்சிருக்கு?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொல்லிட முடியாது. ஒரே ஆளு, ஒரே டெஸ்ட்டு. எதால இறங்குச்சுன்னு நான் எப்படிச் சொல்றது? அன்னைக்கு வேற என்னவெல்லாம் மாறிச்சுன்னு..."

அக்கா போனை வைத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

புரோட்டீன் அவள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஷட்டரில் கை வைத்தான். "இருய்யா, அடிக்க வரல!" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தாள். மன்னிப்புக் கேட்டாள். அதையும் சண்டைக்கு வந்தவள் மாதிரிதான் கேட்டாள். "உன் மாத்திரை மாத்திரையேதான், நான்தான் அவசரப்பட்டுட்டேன், போதுமா?" என்றாள். இரண்டு டப்பா வாங்கினாள். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வாட்ச்மேனிடம்கூடச் சொன்னாள். கார்ட்டிசால் என்றால் என்ன என்று அந்த ஆள் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குள் வரும்போது அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கணவர் கூடத்தில் மின்விசிறியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் பாயில் உட்கார்ந்து கெண்டைக்காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளுக்கும் சொல்லியிருந்தார். ஆனாலும் குதித்துக் கும்மாளம் போடுகிறவள் மாதிரி இல்லை. அக்கா அதையெல்லாம் கவனிக்கவில்லை. டப்பாக்களை மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"முகாம்லயும் விடாம சாப்பிடணும், புரிஞ்சுதா? நானே எண்ணி எடுத்துக் குடுக்கறேன். இப்ப பிடி கிடைச்சாச்சு, இனிமே விடக் கூடாது. ஏங்க, நேத்து தோளைப் பத்திச் சொன்னீங்களா இவகிட்ட?"

மெக்கானிக் துணியை உதறினார். "நான் தூங்கிட்டேன்மா."

"என்னது?"

"ஏசி நல்லாருந்துச்சு. உட்கார்ந்தேன், கண்ணு சொருகிடுச்சு."

"குறட்டை வேற" என்றாள் சின்னவள். சொல்லும்போது அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்துவிட்டுப் போனது. "அரை மணி நேரமும் மாமா குறட்டை. லேப்பம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு சிரிச்சாங்க."

"அரை மணி நேரத்தை வீணாக்கிட்டீங்களே!" என்று அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "நல்ல வேளை மாத்திரை காப்பாத்திச்சு!"

"நான் அத சாப்பிடலக்கா."

அக்காவுக்கு முதலில் காதில் ஏறவில்லை. "எத?"

"மாத்திரைய. முதல் வாரம் சாப்பிட்டேன். நெஞ்செல்லாம் எரிஞ்சுது. அப்புறம் தினமும் வாஷ்பேசின்ல போட்டுட்டேன்."

மெக்கானிக் மின்விசிறியை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன்டி சொல்லல? எரியுதுன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன? நான் என்ன உன்ன முழுங்கிடுவேனா? உனக்காக ஊர்ல இருக்கறவன் எல்லார்கிட்டயும் போய்ச் சண்டை போட்டு, கடைக்காரன் காலில விழாத குறையா நின்னு..."

"இதுக்குத்தான் சொல்லல."

அந்தக் குரல் அக்காவுக்குப் பழக்கமில்லாதது. சின்னவள் எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லையா, கோபம் வந்தால் இரண்டு பேர் முகமும் ஒன்றுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை.

"கடைசி இருநூறுல கால் ஏன் இழுக்குது, ஏன் இழுக்குதுன்னு எத்தனை தடவ கேட்டிருப்ப? இப்ப சொல்றேன், கேட்டுக்க. ஓடறதுல எனக்குப் பயமே இல்லக்கா. ஓடி முடிக்கத்தான் பயம். அந்தக் கோட்டுல நீ நிக்கற. போனைக் கையில வச்சுக்கிட்டு நிக்கற. கிட்ட வர வர உன் மூஞ்சி தெரியுது. அங்க வந்து சேரவே எனக்குப் பிடிக்கல. அதான் இழுக்குது. தோளும் இல்ல, மூச்சும் இல்ல!"

"நான் உன் நல்லதுக்குத்தானே..."

"நல்லதுக்குத்தான்! யாரு இல்லன்னா? உன் கால் போச்சு, உன்கிட்ட யாரும் சொல்லல, அதுக்காக என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருக்கியே, அது எப்பக்கா நிக்கும்? நேத்து ஓடி முடிச்சு உட்கார்ந்தேன். யாரும் ஒண்ணும் சொல்லல. என் மூச்சு இறங்கறது எனக்கே கேட்டுச்சு. இத்தனை வருஷம் ஓடறேன், அத நான் கேட்டதே இல்ல."

அக்காவுக்கு உடம்பு பூராவும் கொதித்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மெஷின் பொய் இல்லை, கடைக்காரன் பொய் இல்லை, டாக்டர் அன்றைக்கே சொன்னார், லேப்பம்மா இரண்டு தடவை சொன்னார். சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் திட்டுவதற்கு அந்த அறையில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அந்த ஆளைத் திட்டி அவளுக்குப் பழக்கம் இல்லை. அதனால் தெரிந்த வழியிலேயே போனாள்.

"அப்ப நான் இல்லாம நீ யாருடி? சொல்லு! ஷூ லேஸ் கட்டறதுலேருந்து நான் சொல்லிக் குடுத்தேன். நான் இல்லன்னா நீ எங்க இருந்திருப்ப?"

சின்னவள் கத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"இதேதான்க்கா. அரை மணி நேரமும் நீ தோள்னு சொல்வ, மூச்சுன்னு சொல்வ. எனக்குக் கேக்கறது இது ஒண்ணுதான்."

மெக்கானிக் எழுந்து மனைவியிடம் வந்தார். தொடலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, தொடாமல் பக்கத்தில் நின்றார்.

"முகாமுக்கு நான் போறேன்" என்றாள் சின்னவள். "நீ வராத. அங்க இருக்கிற கோச் பாத்துக்கட்டும். அப்புறம் நான் திரும்பி வந்து உன்கிட்டதான் ஓடறேனான்னு இப்ப எனக்குத் தெரியாது. ஆனா முகாமுக்கு நீ வராதக்கா."

முகாம்! தன் கால் போன அன்றிலிருந்து அந்த கேட்டுக்குள் ஒரு தடவையாவது நுழைந்துவிட வேண்டும் என்று அக்கா நினைத்துக்கொண்டே இருந்த இடம். சின்னவளுக்குப் பின்னாலேயாவது நடந்து போய்விடலாம் என்று இருந்தாள். அவ்வளவு அவமானமாக இருந்தது, அவ்வளவு ஆத்திரமாக இருந்தது, ஓ என்று அழ வேண்டும் போலவும் இருந்தது. மூன்றும் சேர்ந்து ஒரே குரலாக வெளியே வந்தது.

"வரல! போதுமா? நான் வரல!"

பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று சாத்தப்பட்டது. சின்னவள் இரண்டு தோளையும் காதுவரை தூக்கிக்கொண்டு நின்றாள். அந்தத் தோளை அக்கா வீடியோவில் எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறாள். எதிரில் நின்று, செல்போன் இல்லாமல் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"கோபப்படாம சொல்லு" என்றாள் சின்னவள்.

"என்னது?"

"நான் வரலன்னு. கோபப்படாம சொல்லு. ஒரே ஒரு தடவ."

அது என்ன பெரிய வித்தையா? அக்கா மூச்சை இழுத்தாள். "நான் வரல" என்றாள். விசில் ஊதியது மாதிரி வந்தது. சின்னவளுடைய தோள் இறங்கவில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி சொன்னாள். இந்தத் தடவை பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது. லேபில் காதுக்குள் போட்ட அதே குரல். அவளுக்கே கேட்டது. முதல் தடவையாக அவளுக்கே கேட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற எத்தனையோ விஷயம் அவளுக்குத் தெரியும், இதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

சின்னவள் காத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை.

"நான் வரலம்மா" என்றாள் அக்கா.

அத்தனை சின்னக் குரல் அவளுக்குள் இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மெக்கானிக் தலையைத் திருப்பிக்கொண்டார். சின்னவளுடைய தோள்கள் மெல்ல, யாரும் சொல்லாமலே, கீழே இறங்கின.